அத்தையின் மதியத் தூக்கம்

சாயங்காலம் நம்மோடு நடக்க வருகிறவர்களில் ஒருத்தி போன வாரம் தன் பேத்தியைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பெண்ணுக்குப் பதினான்கு வயது. உடம்பு ஏறிக்கொண்டே போகிறது. டாக்டரிடம் கூட்டிப் போனால் மருந்தே எழுதவில்லையாம். "ராத்திரி போனைப் பிடுங்கி வெச்சிட்டு நல்லாத் தூங்க விடுங்க, சாயங்காலம் ஓடி விளையாடட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். "தூங்கினா ஒடம்பு எளைக்குமா? இது எந்த ஊரு வைத்தியம்!" என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன் என்று அப்புறம் ஒருத்தி கேட்டாள். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கவரைப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு வாடகை வீடு. நைனா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருந்த இரும்பு ஆலை ஒன்றில் வேலையாக இருந்தார். காலையில் ரயிலேறிப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அவர் சட்டையைத் துவைத்தால் தண்ணீர் செம்மண் கரைத்தது போல ஓடும். அம்மா பழவேற்காட்டுப் பெண். நான் ஒரே பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. கொஞ்சம் பூசின உடம்புதான் எனக்கு. ஆனால் அது ஒரு குறை என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவேன், வேலி தாண்டுவேன், வீட்டுக்கு வந்து சோற்றை வழித்துத் தின்றுவிட்டு அடித்துப் போட்டது போலத் தூங்குவேன்.

அந்தப் பொங்கல் கழிந்ததும் நைனாவின் அக்காள் ஆர்.கே.பேட்டையிலிருந்து எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். புருஷனை இழந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை குட்டி கிடையாது. பூப்போட்ட தகரப் பெட்டி ஒன்றும் வெற்றிலை இடிக்கிற கையகல உரல் ஒன்றும் கொண்டு வந்தாள். ஒல்லியாக, விறைப்பாக, துவைத்துக் காயப் போட்ட வேட்டி மாதிரி இருப்பாள். அந்த உடம்பில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. நான் பாயில் கிடந்தேன், வெயில் ஜன்னல் வழியே கால்வரைக்கும் வந்திருந்தது. அத்தையின் குரலில்தான் விழித்தேன்.

"இன்னாடா தம்பி இது? வயசுக்கு வந்த பொண்ணு, வெயில் ஏர்ற வரைக்கும் தூங்கினுகீது? அதான் ஒடம்பு இப்டி ஊதிக்கினே போவுது."

"லீவு நாளுதானேக்கா" என்றார் நைனா.

"தூங்கற ஒடம்புலதாண்டா கொழுப்பு சேரும். நாளைக்கு இதை எவன் கட்டிக்கினு போவான்? எங்கிட்ட உடு. ஊசி மாதிரி ஆக்கிக் காட்றேன்."

நைனா தலையாட்டினார். சின்ன வயதில் தாயில்லாமல் அக்காள் கையில் வளர்ந்தவர். அவள் சொன்னால் மறு பேச்சே கிடையாது. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையில் அவள் கை ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது. அவ்வளவுதான்.

மறுநாளே ஆரம்பித்தது. மெட்ராஸ் போகிற முதல் ரயில் வருவதற்கும் ரொம்ப முன்னால், ஈரத்துண்டு ஒன்று என் முகத்தில் வந்து விழும். எழுந்து வாசல் தெளிக்க வேண்டும். அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தொட்டி நிரப்ப வேண்டும். நிரம்பிய தொட்டியிலிருந்து முருங்கைக்கு, கறிவேப்பிலைக்கு, யாருக்கும் வேண்டாத செடிக்கெல்லாம் ஊற்ற வேண்டும். வேலை தீர்ந்துவிட்டால் அத்தை புதிதாக ஒன்று கண்டுபிடிப்பாள். இரவில் சாப்பாடு முடிந்த பிறகு அவள் கால் பிடித்துவிட வேண்டும். அவள் குறட்டை விட்ட பிறகுதான் எனக்குப் பாய். என் கண் சொருகினால் காலாலேயே ஒரு எத்து. "தூக்கம் வருதா? கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம், பிடி" என்பாள்.

கரையவில்லை. உங்களில் யாருக்காவது வளர்கிற வயதில் தூக்கம் பறிபோயிருந்தால் தெரியும், அதற்கென்று ஒரு பசி உண்டு. வயிற்றில் எரிகிற பசி இல்லை அது. கண்ணுக்குப் பின்னாலிருந்து வரும். சோற்றைத் தின்றாலும் அடங்காது. பொட்டுக்கடலை, வெல்லம், அரிசி, சத்துமாவு, கை எட்டியதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வேன். இனிப்பு நாக்கில் பட்டால் ஒரு நிமிஷம் விழித்தது போலிருக்கும். அப்புறம் மறுபடி உலகம் மங்கலாகும். ஓடி விளையாடப் போவதும் நின்றது. பள்ளிக்கூடம் விட்டால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். பாவாடையின் இடுப்புப் பட்டியை அம்மா பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

ஒரு நாள் அத்தை என்னை ரைஸ் மில்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெல் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு அங்கே இருந்தது. ஒரு தட்டில் மூட்டை, மறு தட்டில் படிக்கல். மூட்டை தூக்குகிறவர்கள், மாவரைக்க வந்த பெண்கள், என் வகுப்புப் பெண்கள் ரெண்டு பேர், எல்லோரும் நின்றிருந்தார்கள். அத்தை முதலில் தானே ஏறி நின்றாள். மில்காரர் கல்லை வைத்தார். "பாத்துக்கடி, இதான் பொம்பள ஒடம்பு" என்று இறங்கினாள். அப்புறம் என்னை ஏற்றினாள். மில்காரர் கல் மேல் கல்லாக வைத்தார். தட்டு அசையவில்லை. "ஒரு மூட்டைய எறக்கிட்டு இதை ஏத்தலாம் போலகீதே" என்றான் ஒருத்தன். மில் முழுக்கச் சிரிப்பு. மாவுத் தூசி என் கண்ணில் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். அத்தையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. வாயில் வெற்றிலைச் சிவப்பு தெரிந்த அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அப்புறம் செய்ததெல்லாம்.

அதோடு விட்டாளா? பள்ளிக்கூடத்துக்கே வந்து டிரில் டீச்சரைப் பார்த்தாள். மற்றப் பெண்கள் வளையப்பந்து ஆட, நான் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று ஏற்பாடானது. ஓடுவது எனக்குப் பிடித்த காரியம்தான். ஆனால் தூங்காத உடம்பை ஓட வைத்துப் பாருங்கள். கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. பங்குனி வெயிலில் ஒரு நாள் புழுதி மேலெழுந்து என் முகத்தை நோக்கி வருவதைப் பார்த்தேன். உண்மையில் நான்தான் விழுந்துகொண்டிருந்தேன்.

"நடிக்கறா டீச்சர்" என்றாள் ஒரு பெண். டீச்சரும், "எழுந்திரு, சோம்பேறி" என்று பிரம்பால் என் முதுகைத் தட்டினார். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. வெந்நீர் போலச் சுட்ட அந்தப் புழுதி, அத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல படுக்கையாக இருந்தது.

நெற்றிக் காயத்தை அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். முழுப்பரீட்சை முடிந்த அன்றே, நைனாவிடம் கூடக் கேட்காமல், என்னைப் பழவேற்காட்டில் தன் தங்கையிடம் கொண்டுபோய் விட்டாள்.

சித்தப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். சித்தி வீட்டில் முதல் சில நாட்கள் நான் தூங்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. பாயில் வெயில் ஏறினால் சித்தி பாயோடு என்னை நிழலுக்கு இழுத்துப் போடுவாள். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாமே, பொண்ணுக்கு ஒடம்பு சொகமில்லையா?" என்று கேட்டதற்கு, "தூக்கம் பாக்கி கீது அதுக்கு. தூங்கட்டும்" என்று சித்தி சொன்னது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது.

பிறகு நானாகவே எழுந்தேன். சித்தி பெண்களோடு ஏரியில் குதித்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் காலால் துழாவி மட்டிச் சிப்பி பொறுக்கினோம். படகு கரைக்கு வந்தால் ஓடிப்போய்க் கயிறு பிடித்து இழுத்தோம். கடல் பக்கம் போய் ஈர மணலில் ஓடினோம். யாரும் ஓடச் சொல்லவில்லை. மதியம் மீன்குழம்பும் சோறும் வயிறு நிறைய. ஆனால் அந்தப் பேய்ப்பசி எங்கே போனது என்று தெரியவில்லை. சித்தி வெல்லப் பாகில் பிடித்த பொரி உருண்டையை நீட்டினால் பாதி தின்று மீதியைக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் தண்ணீரிலிருந்து ஏறும்போது பாவாடை இடுப்பிலிருந்து நழுவியது. சித்தி பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லீவு முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அத்தை என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் நைனாவைக் கூப்பிட்டாள்.

"பாத்தியாடா தம்பி? நான் இன்னா சொன்னேன்? இத்தினி மாசம் எழுப்பி எழுப்பி உட்டது இப்பதான் வேலை செய்யுது."

நைனா நெகிழ்ந்துபோனார். "அக்கா இல்லன்னா இதுக்கு யாரு இவ்ளோ பாடுபடுவாங்க?" என்றார்.

நான், "நைனா, அங்க நான் நல்லாத் தூங்கினேன், அதனாலதான்" என்று ஆரம்பித்தேன். "வாயை மூடு. பெரியவங்க பேசச்சொல்லோ குறுக்க பேசாத" என்றார்.

மறுநாள் முகத்தில் ஈரத்துண்டு வந்து விழுந்தது. முன்னைவிடச் சீக்கிரமாக. வைத்தியம் பலித்துவிட்டதல்லவா! அந்தத் துண்டை முகத்திலிருந்து எடுத்த அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன். உன் தூக்கத்தை நான் எடுக்கிறேன் அத்தே.

அத்தைக்குத் தூக்கம் என்றால் மதியத் தூக்கம்தான். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை இடித்துப் போட்டுக்கொண்டு, கொல்லைப் பக்கத் தாழ்வாரத்தில் பாயை விரிப்பாள். மேலே தகரக் கூரை, அதன் மேல் வேப்பமர நிழல். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு டம்ளர் விழக்கூடாது. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவேன். திரும்பப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அத்தை அப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள். ஒரு கைச் சோற்றை உருட்டிக் கூரை மேல் எறிந்துவிட்டு நடந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு காக்கை கத்தியது. கூட்டத்தைக் கூப்பிட்டது.

தகரத்தில் காக்கை நகம் கீறும் ஓசையைக் கேட்டிருக்கிறீர்களா? பல் கூசும். ஒன்றில்லை, ஒரு படையே. எறிந்து எறிந்து, கொஞ்ச நாளில் அவை என்னைக் கண்டதும் வேப்பமரத்தில் வந்து காத்திருக்க ஆரம்பித்தன.

அதற்குள் ஒரு விசித்திரம் நடந்தது. அம்மா மீன் ஆய்ந்த கழிவை எப்போதும் முருங்கைக்கடியில் புதைத்துவிடுவாள். ஒரு நாள் துவைக்கிற கல்லின் மேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. உள்ளே மீன் தலைகள், குடல். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் கொட்டாங்கச்சி இருந்தது. அதற்கு மறுநாளும். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காக்கைகள் சோற்றுக்கு வருவதற்கும் மீன் தலைக்கு வருவதற்கும் வித்தியாசம் உண்டு. மீன் தலைக்குச் சண்டை போடும்.

அத்தைக்குக் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. கொம்பை எடுத்துத் தகரத்தைத் தட்டுவாள். பறக்கும், மறுபடி உட்காரும். வேறு இடத்தில் பாய் போட்டால் புழுக்கம், தூக்கம் வராது. தூங்காத மதியத்தில் அவள் என்ன செய்வாள்? தின்றாள். முதலில் வேர்க்கடலை. அப்புறம் ஸ்டேஷன் டீக்கடை மசால்வடை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாங்கிவர என்னைத்தான் அனுப்புவாள். எண்ணெய் சொட்டுகிறதாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவேன். எந்தப் பசி அது என்று எனக்குத் தெரியும். அவள் கை தானாகப் பொட்டலத்துக்குள் போவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். இப்போது சொல்லும்போதும் அந்தச் சந்தோஷம் அடிவயிற்றில் ஊறுகிறது.

ஆடி அமாவாசை வந்தது. அத்தை காக்கைக்குப் படையல் வைத்தாள், வடை பாயசத்தோடு. அன்று மாலை கதவுக்குப் பின்னால் நின்று அவள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

"அந்த மனுசன்தான் வராரு, தெரியுமா? உயிரோட இருந்தப்பவும் தூங்க உடல. கடைய மூடிட்டு எப்ப வருவாருன்னு தெரியாது, வந்தா நான் எழுந்து நிக்கணும். விடியறதுக்குள்ள மாமியாரு எழுப்பிடுவா. மதியம் ஒரு கண்ணு அசர்றதுதான் எனக்குன்னு இருந்துச்சு. செத்தும் அதையும் புடுங்கறாரே."

அம்மா, "காபி குடிங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் நினைப்பீர்கள், நான் அதோடு நிறுத்தியிருப்பேன் என்று. நிறுத்தவில்லை. மறுநாள் ரெட்டிப்பாக எறிந்தேன். இன்று யோசித்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவளுக்கு யாரோ செய்ததை அவள் எனக்குச் செய்தாள், நல்லது என்று நம்பியே செய்தாள். புரிகிறது. புரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. மில்லில் சிரித்தாளே, அது என் நல்லதுக்கா?

அந்த மில்லுக்கு மறுபடி ஒரு நாள் போனோம். மாவரைக்கத்தான். ஆனால் தராசைக் கண்டதும் அத்தை, "ஏறுடி" என்றாள். ஏறினேன். சித்தி வீட்டில் குறைந்ததெல்லாம் திரும்ப வந்திருந்தது. அதே ஆட்கள், அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் மாவுத் தூசி மேல் பழி போடவில்லை. தட்டிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அத்தே, நீங்களும் ஏறுங்க. பொம்பள ஒடம்பு எப்டி இருக்கணும்னு பாத்துக்கறேன்."

"எனக்கு இன்னாத்துக்கு?" முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏறும்மா, போன தடவ ஏறினியே" என்றார் மில்காரர். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லை. ஏறினாள். மில்காரர் பழைய கல்லை வைத்தார். தட்டு அசையவில்லை. இன்னொன்று வைத்தார். மேலும் ஒன்று.

"இன்னாம்மா இது! தம்பி ஊட்டுச் சோறு நல்லாத்தான் ஒட்டிக்கினுகீது!"

எழுந்த சிரிப்பில் மில் எந்திரத்தின் சத்தமே அடங்கிப்போனது. அத்தை தட்டிலிருந்து தடுமாறி இறங்கினாள். மாவைக் கூட வாங்காமல் விடுவிடுவென்று நடந்தாள். நான் நின்று, மாவை வாங்கிக்கொண்டு, நிதானமாகப் போனேன்.

சில நாள் கழித்து மாட்டிக்கொண்டேன். காக்கைகள் போட்ட சண்டையில் ஒரு மீன் தலை தகர இடுக்கு வழியாக அத்தையின் பாயில் விழுந்தது. புருஷனே காக்கையாய் வந்தாலும் மீன் தலை எங்கிருந்து வரும்? துவைக்கிற கல்லின் மேல் ஏறிக் கூரையைப் பார்த்திருக்கிறாள். முள்ளும் காய்ந்த சோறும் கொட்டிக் கிடந்திருக்கிறது.

அன்று நைனா வந்ததும் வராததுமாக என் தலைமுடியைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"கேளுடா உன் பொண்ணை! என் புருஷன் பேரைச் சொல்லி நான் அழுதுகினு கீறேன், இது மீன் தலைய வாரி எறிஞ்சி வேடிக்கை பாக்குது!"

நைனா பெல்ட்டை அவிழ்த்தார். "நீயாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் அடுப்புக் கரி. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன்."

"இன்னா சொல்ற நீ?"

"மீன் ஆயறது நான். தலைய எடுத்து வெச்சது நான். போட்டதும் நான்தான்." நைனாவின் கையிலிருந்த பெல்ட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள். "தூங்கினா ஒடம்பு ஊதும்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணி? உங்க நல்லதுக்குத்தான் எழுப்பினேன்."

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்த பிறகு அம்மா நைனாவிடம் சொன்னாள். "பொண்ணு மைதானத்துல மயங்கி விழுந்துச்சு. நெத்தி ஒடைஞ்சி வந்துச்சு. மில்லுல ஏத்தி நிறுத்தி உங்கக்கா சிரிச்சாங்க, நீ பெருமைப்பட்ட. நாளைலேர்ந்து என் பொண்ணை யாராவது எழுப்பினா, நான் அதைக் கூட்டிக்கினு பழவேற்காடு போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்."

அம்மா அத்தனை நீளமாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதற்குப் பின்னாலும் கேட்டதில்லை. நைனா பெல்ட்டை ஆணியில் மாட்டினார்.

அத்தை ஊருக்குத் திரும்புவதென்று முடிவானது. நான் அந்த வருடமே மறுபடி ஓட ஆரம்பித்தேன். தூங்கினேன், விளையாடினேன், உடம்பு அதற்கு வேண்டிய அளவில் வந்து நின்றது. ஊசி போல ஒருநாளும் ஆகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. அந்தப் பேத்திக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரித்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது இதனால்தான்.

அத்தை கிளம்பிய காலையைச் சொல்லிவிடுகிறேன். நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நான் உள்ளே பாயில் கிடந்தேன். அத்தை அறை வாசல் வரை வந்தாள். அம்மா நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணை எழுப்பேன். சொல்லிக்கினு போறேன்."

"தூங்குது அண்ணி. எழுப்ப முடியாது."

அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. "ஒரு தரம் மொகத்தைப் பாத்துட்டுப் போறேனே" என்றாள். குரல் கெஞ்சியது. அம்மா நகரவில்லை.

நான் விழித்துத்தான் இருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவள் போல நீளமாக மூச்சு விட்டேன். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஸ்டேஷன் பக்கம் தேய்ந்து போகும்வரை காது கொடுத்துக் கேட்டேன். அப்புறம் நிஜமாகவே தூங்கிப்போனேன்.